துக்க வீட்டுக்கு நாற்பது நிமிடம்: கம்போடியாவுக்குக் குழு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து கம்போடியாவுக்கு ஆட்களை அழைத்துப் போகும் சுற்றுலா நிறுவனத்தாருக்கும், குழுவோடு கூடவே வரும் டூர் மேனேஜர்களுக்கும்,

வணக்கம்.

முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளிகளில் சரித்திரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற பிப்ரவரியில் உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் மூலமாக, 38 பேர் கொண்ட குழுவில், வியட்நாமும் கம்போடியாவும் போய் வந்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. திரும்பி வந்த பிறகு, வேறு வேறு குழுக்களில் போய் வந்த உறவினர்கள், பழைய சக ஆசிரியர்கள் என்று ஏழெட்டுப் பேரிடம் விசாரித்தேன். தேதியும் ஓட்டலும்தான் வேறு, நடந்தது கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். அங்கோர்வாட்டை எங்களுக்குக் காட்டிய விதத்தில் ஒரு குறையும் இல்லை. விடிவதற்கு முன்பே எழுப்பிக் குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோபுரங்களுக்குப் பின்னால் வெளுத்துக்கொண்டு வந்தபோது எங்களில் பாதிப் பேர் கைகூப்பிவிட்டோம். இரண்டாம் சூரியவர்மன் பெருமாளுக்குக் கட்டிய கோயில், 12ஆம் நூற்றாண்டு, பாற்கடல் கடையும் அந்த நீண்ட புடைப்புச் சிற்பம் என்று எங்கள் டூர் மேனேஜர் முக்கால் மணி நேரம் ஒரே சுவரின் முன் நின்று பேசினார். அவ்வளவு படித்து வைத்திருந்தார் அந்தத் தம்பி.

அப்புறம் தலைநகர் புனோம் பென் வந்தோம். பயண அட்டவணையில் அந்த நாளுக்கு இப்படிப் போட்டிருந்தது: "அரண்மனை, வெள்ளிப் பகோடா, மியூசியம் விசிட், மதிய உணவு, கில்லிங் ஃபீல்ட்ஸ், மாலையில் ரஷ்யன் மார்க்கெட் ஷாப்பிங்." மியூசியம் என்றதும் சிலைகளும் பழைய காசுகளும் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேருந்து நின்ற பிறகுதான் பலகையைப் படித்தேன். துவோல் ஸ்லெங். "நாற்பது நிமிஷம், சரியா பன்னிரண்டே காலுக்கு எல்லாரும் பஸ்ல இருக்கணும்" என்றார் மேனேஜர். இறங்கினோம்.

அந்த இடம் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1975 ஏப்ரல் 17 அன்று, போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் படை புனோம் பென் நகருக்குள் நுழைந்தது. அமெரிக்க விமானங்கள் குண்டு போடப் போகின்றன, சில நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி நகரத்தையே காலி செய்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைக்கூட விடவில்லை. பணத்தை ஒழித்தார்கள். சந்தை, பள்ளிக்கூடம், பௌத்த விகாரம் எல்லாவற்றையும் மூடினார்கள். எல்லோரும் வயலில் வேலை செய்ய வேண்டும், படித்தவன் என்றால் சந்தேகம். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நகரத்தைப் பிடிக்கும்வரை இது நடந்தது. 3 வருடம், 8 மாதம், 20 நாள். அந்த ஊர்ப் பெரியவர்கள் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். பட்டினியாலும் நோயாலும் வேலைச் சுமையாலும் கொலையாலும் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர்வரை இறந்தார்கள். நாட்டின் மொத்த மக்களே 80 லட்சம் பேர் அளவில்தான் இருந்தார்கள்.

துவோல் ஸ்லெங் அதற்கு முன்பு ஒரு உயர்நிலைப் பள்ளி. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு ஒரு வகுப்பறையைப் பார்த்ததும் வகுப்பறை என்று தெரியாமல் போகுமா? மூன்று மாடிக் கட்டடங்கள், நீள வராந்தா, வரிசையாகக் கதவுகள், நடுவில் பிள்ளைகள் விளையாட ஒரு மைதானம். கோயில் வளாகங்களில் நிற்குமே ஈழத்தலரி, அந்த மரங்கள் பூத்து நிற்கின்றன. உள்ளே போனால் தரையில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஓடு. அதன் நடுவில் ஒரு இரும்புக் கட்டில், விலங்கு மாட்டும் கம்பி. வியட்நாம் படை உள்ளே வந்தபோது கடைசியாகக் கொல்லப்பட்ட 14 பேரின் உடல்கள் இந்தக் கட்டடத்தில்தான் கிடந்தன. அவர்களை அதே முற்றத்தில் புதைத்திருக்கிறார்கள், 14 வெள்ளைக் கல்லறைகள். மைதானத்தில் பிள்ளைகள் கயிறு ஏறிப் பழகிய உயரமான மரச்சட்டத்தில் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். இன்னொரு கட்டடத்தில் வகுப்புகளுக்கு நடுவில் இருந்த சுவர்களை உடைத்து வழி செய்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஆள் படுக்க மட்டும் இடம் விட்டுச் செங்கல் தடுப்பு எழுப்பியிருக்கிறார்கள். வராந்தா முழுக்க முள்கம்பி வலை. கைதிகள் மேலிருந்து குதித்து உயிரை விட்டுவிடக் கூடாது என்பதற்காக அது.

இந்தச் சிறைக்கு எஸ்-21 என்று பெயர். 1976 முதல் இந்தப் பள்ளியில் நடந்தது. குறைந்தது 14,000 பேர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள், இன்னும் அதிகம் என்று சொல்கிறவர்களும் உண்டு. உயிர் தப்பியவர்களாகத் தெரிய வந்தவர்கள் 12 பேர். இயந்திரம் பழுதுபார்க்கத் தெரிந்ததால் சும் மேய் என்பவரை விட்டு வைத்தார்கள். ஓவியம் வரையத் தெரிந்ததால் வான் நாத், பூ மெங் இருவரையும் விட்டு வைத்தார்கள். வான் நாத் பிற்பாடு, அங்கே பார்த்ததையெல்லாம் படமாக வரைந்தார். அந்தப் படங்கள் இன்று அதே சுவர்களில் இருக்கின்றன. அந்தச் சிறையை நடத்திய டூச் என்பவன் அதற்கு முன்பு கணக்கு வாத்தியார். இதைக் கேட்டபோது நான் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

கொண்டுவந்த ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் போட்டோக்கள்தான் இரண்டாவது கட்டடத்தில். வரிசை வரிசையாக முகங்கள். ஆண்கள், பெண்கள், சட்டையில் எண் குத்திய சிறுவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய்.

எங்கள் குழுவில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அந்தச் சிறுவர்களின் படத்துக்கு முன்னால் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "பாட்டி, இவங்கல்லாம் என்ன தப்பு பண்ணாங்க?" ஒன்றும் பண்ணவில்லை என்றேன். "அப்புறம் ஏன் நம்பர் போட்டிருக்காங்க?" என்றாள். அதற்குள் அவள் அம்மா ஓடி வந்து கண்ணைப் பொத்தி வெளியே தூக்கிக்கொண்டு போனார். அந்தத் தாய்க்கு உங்கள் மீது வந்த கோபம் நியாயமானது. மியூசியம் என்று எழுதியிருந்ததை நம்பித்தான் குழந்தையை உள்ளே அழைத்து வந்தார்.

எங்களுக்கு ஒரு உள்ளூர் வழிகாட்டி இருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். அரண்மனையில் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தவர், இங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டார். முதல் கட்டடத்தைச் சொல்லி முடித்து இரண்டாவதின் வாசலுக்கு வந்தபோது, "என் அப்பாவும் பள்ளி ஆசிரியர்தான். எனக்கு நான்கு வயது இருக்கும்போது..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எங்கள் மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, நேரமில்லை, சுருக்கமாக முடியுங்கள் என்றார். அவர் தலையாட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். தமிழில் எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்: "இங்கதான் எல்லாரையும் அடைச்சு வச்சுக் கொன்னாங்க, உள்ள போட்டோ எல்லாம் இருக்கு, பாத்துட்டு வாங்க." ஒரு சிற்பத்துக்கு முக்கால் மணி நேரம் பேசிய அதே தம்பிதான். அவரைக் குற்றம் சொல்லவில்லை. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை.

மதியச் சாப்பாடு புளியோதரைப் பொட்டலம். அட்டவணையில் கில்லிங் ஃபீல்ட்ஸ் என்று போட்டிருந்த சோயுங் எக் வாசலில், பேருந்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். முன்பு அது ஒரு தோட்டம், பக்கத்தில் சீனர்களின் இடுகாடு. துவோல் ஸ்லெங்கிலிருந்து கண்ணைக் கட்டி இரவில் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது இங்கேதான். 129 குழிகள் கண்டுபிடித்தார்கள். அவற்றில் 86ஐத் தோண்டி கிட்டத்தட்ட 9,000 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். மீதிக் குழிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். மழை பெய்தால் இன்றும் துணிக்கிழிசலும் எலும்புத்துண்டும் மண்ணுக்கு மேலே வருகின்றன. நடைபாதையில் நாங்கள் கண்டோம். அதை மிதித்துக்கொண்டு நடந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள், கல் என்று நினைத்து.

தோட்டா விலை அதிகம் என்று மண்வெட்டியாலும் இரும்புத்தடியாலும் மூங்கிலாலும் அடித்தே கொன்றார்கள். அங்கே ஒரு பனைமரத்தின் பக்கத்தில் வழிகாட்டி நின்று, அதன் மட்டையைத் தொட்டுக் காட்டினார். கருக்குமட்டை. கழுத்தை அறுக்க இதையும் பயன்படுத்தினார்கள் என்றார். எங்கள் குழுவில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார், பனையேறிக் குடும்பம். அதுவரை ஒன்றும் பேசாமல் வந்தவர், அந்தக் கருக்கைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். நம் மாநில மரம்தான் அவர்களுக்கும் தேசிய மரம், த்னோத் என்று சொல்கிறார்கள். நுங்கும் கருப்பட்டியும் அவர்களுக்கும் உண்டு. அந்த வயல்களில் வரிசையாகப் பனை நிற்பதைப் பார்த்து, "நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்திருந்தோம்.

இன்னொரு மரத்தில் வருகிறவர்கள் கட்டிய வண்ணக் கயிறுகள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. பச்சைக் குழந்தைகளின் காலைப் பிடித்து அடித்த மரம் அது. அதற்குமேல் நான் சொல்ல வேண்டாம்.

நடுவில் உயரமான ஸ்தூபி, நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே தட்டுத் தட்டாக மண்டையோடுகள். எந்த ஆயுதத்தால் அடிபட்டது என்று ஆராய்ந்து சிறு வண்ணப் பொட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் எங்கள் குழுவில் ஐந்தாறு பேர் வரிசையாக நின்று, விரலை விரித்துக் காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளி அந்த நாட்டு மூதாட்டி ஒருவர் ஊதுவத்தி ஏற்றி மண்டியிட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அதைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் மைக்கில் ஒரு அறிவிப்பு. விருப்பமுள்ளவர்கள் ஏகே-47 சுட்டுப் பார்க்கலாம், தனிக் கட்டணம், மற்றவர்களை மார்க்கெட்டில் இறக்கிவிடுகிறோம்.

சரி. இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், அந்த 38 பேரில் மோசமானவர் ஒருவரும் இல்லை. போட்டோ எடுத்தவர்கள் அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் என்றதும் ராத்திரி பூராவும் கூட இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள். நம் ஆட்களுக்கு இப்படிப்பட்ட இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. துக்கம் விசாரிக்கப் போகிறோம் என்று சொன்னாலே போதும். பளிச்சென்ற சேலையை மாற்றிவிடுவோம். வாசலில் நின்று ஊர்க்கதை பேச மாட்டோம். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். அவர்கள் சொன்னால் கேட்போம், சொல்லாவிட்டால் கேள்வி கேட்க மாட்டோம். கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்ற வார்த்தை வாயில் வராது. எழுத்தறிவில்லாத என் ஆச்சிக்கும் இந்த முறை தெரியும். எந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்று எங்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

உங்களில் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதிலை நான் லேசாக ஒதுக்கவில்லை. "அம்மா, நம்ம ஜனங்க சாமி பாக்க வர்றாங்க. கோயிலுக்குப் போற பயணத்துல சுடுகாட்டைக் காட்டினா தீட்டுங்கறாங்க, மனசு கெட்டுப்போச்சுங்கறாங்க. அதனாலதான் சட்டுனு முடிச்சுடறோம். சில குரூப்ல எடுத்தே விட்டுடறோம்." நியாயமான சங்கடம்தான். வேண்டாம் என்கிறவர்களைக் கட்டாயப்படுத்தவே கூடாது. அவர்களை ஓட்டலில் விடுங்கள், அல்லது தேசிய அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள், அங்கே அருமையான விஷ்ணு சிலைகள் இருக்கின்றன. கோயில்களையெல்லாம் முதலிலேயே முடித்துவிட்டு இதைக் கடைசி நாளுக்கு முந்தைய நாளில் வையுங்கள். பார்த்துவிட்டு வந்து தலைமுழுகிக்கொள்ள நேரம் கொடுங்கள். முறை அதுதானே.

ஆனால் தீட்டு என்று நினைக்கிறவர்களிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். அந்த நாட்டின் பெரும்பான்மையினரான கெமர் மக்களுக்கு ப்சும் பென் என்று ஒரு காலம் உண்டு. நம்முடைய மஹாளய பட்சம் வரும் அதே பதினைந்து நாள், அதே அமாவாசையில் முடியும். விடியும் முன்னால் விகாரத்தைச் சுற்றி வந்து, நாதியில்லாமல் செத்தவர்களுக்காகச் சோற்று உருண்டைகளை இருட்டில் வீசுவார்கள். அந்த 'பென்' என்ற சொல் நம் பிண்டம்தான். சோயுங் எக்கில் கிடப்பவர்களுக்குக் கொள்ளி வைக்க ஆளில்லை. பலருடைய பெயர்கூட யாருக்கும் தெரியாது. அந்த எலும்புகளைத் தகனம் செய்துவிட வேண்டும் என்று சிஹானுக் மன்னர் கேட்டுக்கொண்டார். சாட்சியாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் வைத்திருக்கிறது. எது சரி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஸ்தூபிக்கு முன்னால் பூவும் ஊதுவத்தியும் கிடைக்கின்றன, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு வத்தி ஏற்றி வைப்பதில் என்ன தீட்டு இருக்கிறது? எங்கள் பெரியவர் ஏற்றினார். குழுவில் அவர் ஒருவர்தான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அட்டவணையில் "மியூசியம் விசிட்" என்று போடாதீர்கள். சிறையாக இருந்த பள்ளி, படுகொலை நடந்த இடம் என்று தமிழில் எழுதுங்கள், பணம் கட்டும்போதே தெரியட்டும். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். துவோல் ஸ்லெங்குக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும், அதன் பிறகு சோயுங் எக், இந்த வரிசையில்தான். ஒன்றில்லாமல் மற்றது புரியாது. நடுவில் அரைமணி நேரம் யாரும் பேசாமல் மர நிழலில் உட்கார இடம் கொடுங்கள். அன்று மாலையில் ஷாப்பிங் வேண்டாம். துப்பாக்கி சுடும் இடத்தை எந்த நாளிலும் வைக்காதீர்கள், தயவுசெய்து. அரைநாள் ஒதுக்க முடியாதென்றால் புனோம் பென்னில் இதை விட்டுவிடுங்கள், அரைகுறையாகக் காட்டுவதற்கு அது மேல். சியெம் ரீப்பில் மட்டும் தங்குகிற குழுக்களுக்கு அங்கேயே வாட் த்மெய் என்ற விகாரத்தில் சிறிய நினைவு ஸ்தூபி ஒன்று இருக்கிறது. அங்கோர் போகும் வழிக்குப் பக்கம்தான். அங்கே கால் மணி நேரம் நின்றாலும் மரியாதையாக நிற்கலாம்.

மேனேஜர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். ஒன்று, நடந்தது பழங்கதை இல்லை. டூச்சுக்கு முதல் தீர்ப்பு 2010இல்தான் வந்தது, மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை ஆனது, 2020இல் இறந்தான். நுவோன் சியா, கியூ சம்பான் என்ற தலைவர்கள்மீது இனப்படுகொலைக் குற்றம் 2018இல்தான் நிரூபணமானது. அதுவும் இருவர்மீதும் வியட்நாமியர் விஷயத்தில்; சாம் என்ற சிறுபான்மை முஸ்லிம்கள் விஷயத்தில் நுவோன் சியாமீது மட்டும். பெரும்பான்மைக் கெமர் மக்களின் சாவு சட்டப்படி மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற வேறு தலைப்பில் வருகிறது. இதையெல்லாம் கேட்கிறவர்கள் குழுவில் இருப்பார்கள், பதில் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, அங்கே எதிர்ப்படும் அறுபது வயதுக்காரர் ஒவ்வொருவரும் அந்த நாட்களைப் பிள்ளைப் பருவத்தில் கடந்து வந்தவர். டிக்கெட் கிழிப்பவரும் அப்படித்தான், பேருந்து ஓட்டுநரும் அப்படித்தான்.

இப்போதே இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் துவோல் ஸ்லெங், சோயுங் எக், அவற்றுக்கு முன்பு டூச் நடத்திய எம்-13 சிறை மூன்றையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இனிமேல் உங்கள் விளம்பரத்தில் அங்கோர்வாட்டுக்குப் பக்கத்தில் அதே முத்திரையோடு இவற்றையும் அச்சிடுவீர்கள். கூட்டம் கூடும். பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

இந்த மடலோடு நான்கு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதி இணைத்திருக்கிறேன். நான்கு கட்டடங்களிலும் என்ன இருக்கிறது, எந்தக் குழி எது, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே போட்டோ எடுக்கக் கூடாது என்று வரிசையாக இருக்கிறது. அச்சடித்துக் கொடுத்துக்கொள்ளலாம், என் பெயர் போட வேண்டாம். புரட்டாசியில் கிளம்பும் குழு ஏதாவது இருந்தால், என் செலவிலேயே வந்து மொழிபெயர்த்துச் சொல்லவும் தயார்.

எங்கள் வழிகாட்டியிடம் நான் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கும் அவசரத்தில் முடியவில்லை. அவர் இன்னும் அதே வேலையில்தான் இருப்பார், உங்களில் யாருக்காவது அடுத்த குழுவில் அமைவார். இரண்டாவது கட்டடத்தின் வாசலில், அவர் அப்பாவைப் பற்றிப் பாதியில் நிறுத்தினார். அங்கிருந்து அவரைப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை ஒருத்தி,
திருச்சிராப்பள்ளி